31 வயதில் மாதவிலக்கு நின்றுவிட்டது. நகையை அடகு வைத்து பி.ஆர்.பி. ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. திருமணமாகி ஐந்து வருடம். 29 வயதிலிருந்து மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, இப்போது எட்டு மாதமாக வரவே இல்லை. ராத்திரி திடீரென்று உடம்பெல்லாம் சூடு பரவி, நைட்டி நனைகிற அளவுக்கு வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம். ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன், சினைப்பை தளர்ந்தால் இது ஏறும்) 62, 58 என்று வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் கருமுட்டைகளின் அளவைக் காட்டும் ஏ.எம்.எச். 0.1க்கும் கீழே. ஒரு கருத்தரிப்பு மையத்தில், “இன்னும் மூணு மாசம் விட்டீங்கன்னா எதுவுமே செய்ய முடியாது” என்று சொல்லி, அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சினைப்பையில் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி மூன்று தடவை, அது போதாவிட்டால் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) சிகிச்சை, எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் என்று பேக்கேஜ் கொடுத்திருக்கிறார்கள். நகையை வைத்துவிடலாம் என்கிறார் கணவர். தோல் செல்லிலிருந்து கருமுட்டை செய்துவிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் வந்த செய்தியையும் அவர்தான் காட்டினாராம். திருமணமாகாத 26 வயதுத் தங்கை, “என் முட்டையை எடுத்துக்கோக்கா” என்கிறாள். வேறொரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டால் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், அட்டையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்திருக்கிறார்.

மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: “எங்க வீட்ல யாருக்கும் இப்படி இல்லை டாக்டர். அம்மாவோட தங்கச்சிக்கு மட்டும் 36 வயசுலயே நின்னுடுச்சு. அவங்க பையனும் கொஞ்சம் மந்தம், ஸ்பெஷல் ஸ்கூல்ல படிக்கிறான். அந்தக் குடும்பத்துக்கே நேரம் சரியில்லை.”

அம்மா, முதலில் ஒன்று. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தலைவலிக்குச் சாப்பிட்ட மாத்திரையாலோ, ஆரம்பத்தில் ஆறு மாதம் குழந்தையைத் தள்ளிப்போட்டதாலோ இது வரவில்லை. இதை நீங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருப்பதால் முதலில் சொல்கிறேன்.

உங்கள் ரிப்போர்ட் சொல்வது

40 வயதுக்குள், நான்கு மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமலோ ஒழுங்கில்லாமலோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் போனால் அதை ‘ப்ரிமெச்சூர் ஓவேரியன் இன்சஃபிஷியன்சி’, சுருக்கமாக பி.ஓ.ஐ. என்கிறோம். சினைப்பை தன் வேலையை வயதுக்கு முன்பே குறைத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2024ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 3.5 சதவீதம் என்கிறது. ஆகவே உங்கள் தெருவிலேயே இன்னொருவர் இருக்கலாம், அவரும் வெளியே சொல்லாமல் இருக்கலாம்.

“சினைப்பை செத்துப்போச்சு” என்று அங்கே யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை தப்பு. பி.ஓ.ஐ. உள்ள சினைப்பை முழுசாக அணைந்துவிடுவதில்லை. விட்டுவிட்டு எரியும் விளக்கு மாதிரி, சில மாதம் ஒன்றும் இருக்காது, திடீரென்று ஒரு கருமுட்டை வளர்ந்து வெளியே வரும். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இந்தப் பெண்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் தானாகவே கருத்தரிக்கிறார்கள். குறைவுதான், இதை நம்பிக் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பி.ஆர்.பி. பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

சித்தியைப் பற்றிய அந்த வரி

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். கருத்தரிப்பு மையத்தில் யாராவது அதைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் ஒரு சின்னத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். அது 55 முதல் 200 தடவை வரை வந்தால் ‘ப்ரீமியூட்டேஷன்’ என்போம். அப்படி உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் சினைப்பை தளர்ந்துவிடுகிறது. அதே துணுக்கு அடுத்த தலைமுறைக்குப் போகும்போது 200ஐத் தாண்டி நீண்டுவிட்டால், பிறக்கும் பிள்ளைக்கு, அதிலும் ஆண் பிள்ளைக்கு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வரலாம். அதை ‘ஃப்ரஜைல் எக்ஸ்’ என்கிறார்கள். சித்திக்கு 36 வயதில் மாதவிலக்கு நின்றது, அவர் மகன் ஸ்பெஷல் ஸ்கூலில் படிப்பது, உங்களுக்கு 31 வயதில் இது, எல்லாம் தாய்வழியில். இவை ஒரே நூலில் கோத்த மணிகளாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலும் இருக்கலாம். கடிதத்தைப் படித்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

அதனால் எந்த ஊசிக்கும் முன்னால் எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை, தைராய்டு, அட்ரினல் சுரப்பிகளுக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனை, இவற்றை எடுத்துவிடுங்கள். எஃப்.எம்.ஆர்.1ல் மாற்றம் இருந்தால், உங்கள் சொந்தக் கருமுட்டையில் குழந்தை பெற முயல்வதற்கு முன் ஒரு மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். சித்தி குடும்பத்துக்கு நேரம் சரியில்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்த விஷயத்துக்கும் ஒரு காரணம் கிடைக்கலாம். அந்தப் பையனுக்கும் அது உதவும்.

பி.ஆர்.பி. ஊசி

உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் திரவத்தை மட்டும் பிரித்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக நீண்ட ஊசியைச் செலுத்திச் சினைப்பைக்குள் விடுவார்கள். தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, அவை உறங்கிக் கிடக்கும் கருமுட்டைகளை எழுப்பும் என்பது கருத்து. கருத்து தப்பென்று சொல்லிவிட முடியாது. கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் 2016ல் இதைப் பற்றிப் பேசியபோது நாங்களும் ஆவலாகத்தான் கேட்டோம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். 33 வயது, எஃப்.எஸ்.எச். 70க்கு மேல். வேறெதுவும் வேண்டாம், ஹார்மோன் மாத்திரை மட்டும் போதும் என்று எடுத்துவந்தார். பதினான்கு மாதம் கழித்து, வயிறு உப்புசமாக இருக்கிறது, கேஸ் டிரபிள் போல என்று வந்தார். ஸ்கேனில் ஒன்பது வாரக் கரு, இதயத் துடிப்போடு. ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டியும் ரொம்ப நேரம் அவர் நம்பவே இல்லை. அவர் அதற்கு முந்தின மாதம் பி.ஆர்.பி. போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் படமும் ஒரு போஸ்டரில் ஏறியிருக்கும். அந்த மருத்துவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார், ஊசியால்தான் நடந்தது என்று மனதார நம்பியிருப்பார். (ஆசிரியை மாதிரியே மாத்திரை மட்டும் எடுத்த இன்னும் எத்தனையோ பேருக்கு அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இதனால்தான், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. உங்களுக்குக் காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஊசி போட்டவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். கருமுட்டை குறைவாகக் கிடைக்கும் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சரியான முறையில் செய்து 2024ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஊசி போட்டவர்களுக்குக் கூடுதலாக முட்டை கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சினைப்பை உங்களுடையதைவிட நல்ல நிலையில்தான் இருந்தது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023ல் கொடுத்த பரிந்துரையில், சினைப்பையில் பி.ஆர்.பி. செலுத்துவதைச் சிபாரிசு செய்யவில்லை. ரத்தக்கசிவு, தொற்று போன்ற ஆபத்துகள் அதிகமில்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. பெரிய நஷ்டம் மூன்றரை லட்சமும், அது கைகொடுக்காதபோது உங்கள் மனசு படும் பாடும்.

ஸ்டெம் செல் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஸ்பெயினில் வலென்சியா ஊர் ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜை செல்களை வைத்து நல்ல முறையில் ஆராய்ந்து வருகிறார்கள். அது ஆராய்ச்சி. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது, அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் செய்யலாம். ஆய்வு என்றால் அந்த ஆய்வுக்காகச் செய்யும் எதற்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்பதும் ஐ.சி.எம்.ஆர். நெறிமுறையிலேயே இருக்கிறது. “இது ரிசர்ச்மா” என்று சொல்லிவிட்டுப் பில் நீட்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மறுபடி அங்கே போவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், எண் என்ன? என்னைப் போல எஃப்.எஸ்.எச். 60 அளவில் இருந்த எத்தனை பேருக்கு ஊசி போட்டீர்கள், அதில் எத்தனை பேர் கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்? (ஏ.எம்.எச். ஏறியது, எஃப்.எஸ்.எச். இறங்கியது என்று பதில் வந்தால் அது பதில் இல்லை, இவை தானாகவே ஏறி இறங்கும்.) எந்தெந்தச் செலவுக்கு எவ்வளவு என்று எழுத்தில் தருவீர்களா?

ஜப்பான் முறை, தோல் செல் கருமுட்டை

உங்கள் கணவர் ஆசையாகத் தேடியிருக்கிறார், அவருக்காக இதையும் சொல்கிறேன். ஜப்பானில் கவாமுரா குழுவினர் 2013ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சினைப்பையை லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்து, துண்டுகளாக்கி, இரண்டு நாள் மருந்தில் ஊறவைத்து, மறுபடி உடம்புக்குள் கருக்குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டவைத்தார்கள். சினைப்பைத் திசுவை வெட்டினாலே, உறங்கும் முட்டைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிரேக் கொஞ்சம் தளரும் என்பது அதன் அடிப்படை. 27 பெண்களுக்கு முயன்றார்கள். அவர்களில் 13 பேருக்குத்தான் திசுவில் முட்டைப்பைகளே மிச்சம் இருந்தன. அந்த அறிக்கை வெளிவந்தபோது பிறந்திருந்தது ஒரு குழந்தை. அதற்குப் பிறகும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன, மருந்தே இல்லாத எளிமையான முறைகளும் வந்திருக்கின்றன. உண்மையான அறிவியல் இது, எனக்கும் இதன் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் மிச்சம் இருக்கும் கொஞ்சநஞ்சச் சினைப்பையையும் வெட்டி எடுக்கும் ஆபரேஷன் என்பதால், ஆய்வுக்கு வெளியே இதைச் செய்துகொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

தோல் செல் செய்தி, 2025ல் அமெரிக்காவின் ஓரிகானில் நடந்த ஆய்வு. 82 முட்டைகளை உருவாக்கினார்கள். கருவூட்டிய பிறகு ஏறக்குறைய 9 சதவீதம்தான் ஐந்தாறு நாள் கரு வரைக்கும் வளர்ந்தது, அவற்றிலும் குரோமோசோம் கோளாறு. கர்ப்பப்பையில் எதையும் வைக்கவில்லை. எலியில் இந்த மாதிரி வேலையை ஜப்பானியர்கள் 2012லேயே செய்து குட்டிகளையும் பெற்றுவிட்டார்கள். மனிதருக்கு அது வர இன்னும் தூரம் இருக்கிறது.

தங்கையின் கருமுட்டை

உங்கள் தங்கையின் அன்பு பெரியது. ஆனாலும் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன மரபணு. உங்களுக்கு அது இருந்தால் அவளுக்கும் இருக்கலாம், அவள் முட்டையிலும் வரலாம். இரண்டு, சட்டம். 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, தானக் கருமுட்டை பதிவு செய்த வங்கி வழியாகத்தான் வர வேண்டும். தங்கையை நேரே கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வைக்கும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. தானம் கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. 2022ல் ஈரோட்டில் ஒரு சிறுமியை ஆதாரில் வயதை மாற்றிக் காட்டி முட்டை கொடுக்க வைத்த கொடுமை எல்லோருக்கும் நினைவிருக்கும். எனவே வங்கி பதிவு பெற்றதா, தானம் தருபவருக்குச் சட்டம் சொல்லும் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று நீங்கள் கேட்பது உங்கள் உரிமை. அந்தப் பெண்ணுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் அதுதான்.

தங்கையைப் பொறுத்தவரை இப்போது முக்கியம் அவளுடைய சொந்த எதிர்காலம். உங்கள் எஃப்.எம்.ஆர்.1 முடிவு வந்ததும் அவளும் பார்த்துக்கொள்ளட்டும், ஏ.எம்.எச்.சும் ஸ்கேனும் எடுக்கட்டும். குறைவாக இருந்தால், 26 வயதில் கருமுட்டையை உறையவைத்துச் சேமிக்க அவளுக்கு நேரம் இருக்கிறது. அந்த வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதே சமயம், ஏ.எம்.எச். கொஞ்சம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவசர அவசரமாகக் கல்யாணம் பேசிவிடாதீர்கள். மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கு அந்த எண் மட்டும் மலட்டுத்தன்மையைச் சொல்லாது.

“மூணு மாசம்தான்” என்ற பயம்

இதில்தான் உங்களை ரொம்பவும் பயமுறுத்தியிருக்கிறார்கள். தானக் கருமுட்டையில் வெற்றி வாய்ப்பு முட்டை கொடுப்பவரின் வயதைப் பொறுத்தது. உங்கள் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹார்மோன் கொடுத்தால் அது தயாராகிவிடும். சட்டம் பெண்ணுக்கு 50 வயது வரை அனுமதிக்கிறது. நீங்கள் 31ல் போனாலும் 34ல் போனாலும் பெரிய வித்தியாசம் இராது. சொந்த முட்டைக்கு நாள் குறைந்துகொண்டே வருவது உண்மைதான், ஆனால் அதை நிறுத்திவைக்கும் என்று நிரூபணமான மருந்து அவர்களிடமும் இல்லை. ஆகவே துக்கப்பட நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தான முட்டை வேண்டாம், தத்தெடுக்கிறோம் என்றாலும் சரி, நாங்கள் இருவர் மட்டும் போதும் என்றாலும் சரி, அது நீங்களும் கணவரும் எடுக்கும் முடிவு.

“வேற ஒருத்தியோட முட்டைன்னா அது என் குழந்தையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் சந்தேகமே இல்லை, அது உங்கள் இருவரின் சொந்தப் பிள்ளை, சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு, முட்டை கொடுத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மனசுக்கு என்ன பதில் என்பதை நான் சொல்ல முடியாது. பத்து மாதம் சுமந்து, பாலூட்டி, காய்ச்சலுக்குக் கண்விழித்த அம்மாக்கள் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியை இரண்டாம் தடவை கேட்டதில்லை.

அவசரம் இருப்பது மாத்திரையில்

குழந்தை விஷயத்தில் நிதானம் போதும் என்று சொல்லும் நான், ஹார்மோன் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். எட்டு மாதமாக உங்கள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருக்க வேண்டிய அளவில் இல்லை. எலும்பு கரைகிறது, இதய ரத்தக்குழாய்களுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு கிடைக்கவில்லை. ராத்திரி வியர்வை வெளியே தெரிகிறது, எலும்பு கரைவது தெரியாது, 45 வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடையும்போதுதான் தெரியும்.

கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2002ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து. அதில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுப் பெண்கள், சராசரி வயது 63. இயற்கையாக ஹார்மோன் நின்ற வயதில் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உங்களுக்குக் கொடுப்பது உங்கள் வயதுப் பெண்ணின் உடம்பில் இயல்பாகவே இருக்க வேண்டிய அளவுதான். உங்கள் வயதில் மாதவிலக்கு வரும் மற்ற பெண்களைவிட உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து இதனால் கூடுவதில்லை. இயல்பாக நிற்கும் வயது வரை, அதாவது ஏறக்குறைய 50 வரை எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனோடு, மாதத்தில் 12 முதல் 14 நாள் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது. உங்களுக்கு ரத்தம் உறைந்த சம்பவமோ மார்பகக் கட்டியோ இருந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பேட்ச், ஜெல் என்று வேறு வழி யோசிப்பார், அல்லது வேண்டாம் என்பார்.

இன்னொரு விஷயம். இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை இல்லை. இதை எடுத்துக்கொண்டிருக்கும்போதும் கருமுட்டை வரலாம், அந்த 5, 10 சதவீத வாய்ப்பு அப்படியே இருக்கும். புரோஜெஸ்டிரோன் முடிந்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால் கர்ப்பமா என்று ஒரு கார்டு டெஸ்ட் போட்டுப் பாருங்கள்.

பீரோவில் இருக்கும் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, எழுதிக் கொடுத்த அந்த டாக்டரிடமே இந்த வாரம் போங்கள், கணவரையும் கூட்டிப்போங்கள். தேதி முடிந்திருந்தால் புதிதாக எழுதித் தருவார். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி பரிசோதனை இரண்டையும் கேளுங்கள். சித்திக்கு எந்த வயதில் நின்றது, தம்பி எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நகை அதுவரைக்கும் வீட்டிலேயே இருக்கட்டும்.